ஆறு எழுத்து

பிஸ்கற் தகரத்துக்குள்
பஞ்சில் சுற்றிக் கிடந்தது.
பத்திநாதர் மூடியைத் திறக்க
முதலில் வந்தது கரப்பான்பூச்சி,
பிறகுதான் ஓடு.

உள்ளங்கை அளவு.
உட்புறம் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு.
சுட்டபின் கூரால் கீறிய ஆறு எழுத்து;
முன்னே இருந்தவை உடைப்போடு போயின.

படிக்க வந்தவர்
வில்லையைக் கண்ணில் வைத்து
நெடுநேரம் பார்த்தார்.
மன்னன் இல்லை, தெய்வம் இல்லை.
‘உடைய கலம்’.
இன்னாருடைய சட்டி, அவ்வளவே.

எனக்குச் சிரிப்பு வந்தது.
அயலுக்கு இரவல் கொடுத்த சட்டி
திரும்பி வராத கோபத்தில்
எவளோ கீறியிருக்கிறாள்.
பெயர்தான் உடைந்துபோனது,
உரிமை அப்படியே.

அன்று நான் அரைநாள் லீவு.
கச்சேரிக்கு இது மூன்றாந் தடவை.
வசாவிளான் காணி, நாலு பரப்பு.
உறுதி இடம்பெயர்வில் போனது.
எல்லைக் கல்லாவது இருக்கா, என்றார்.
கிணறு இருக்கு, என்றேன்.
கிணற்றில் உங்கட பெயர் எழுதியிருக்கா?
அவர் பகிடியாகத்தான் கேட்டார்.

திரும்பி வந்து
கருப்புப் பக்கத்தில்
வெள்ளை மையால் இலக்கமிட்டு
காயும்வரை ஊதினேன்.
நானூற்றுப் பதினேழு.
இனி இது அரசாங்கத்தின் சட்டி.
அவள் கேட்டு வந்தால்
எந்தக் கந்தோரில் நிற்பாள்,
எதைக் காட்டுவாள்?

பதிவேட்டில்
‘முன்னைய உடைமையாளர்’ என்றொரு கட்டம்.
கோடு போட்டுவிடு பிள்ளை, என்றார் பத்திநாதர்.
நான் போடவில்லை.
ஒரு பெயர் கொள்ளுமளவு
இடம் கிடக்கிறது.