நாற்பத்து மூன்று விநாடி

டர்பன், விக்டோரியா தெருச் சந்தை.
ஜனவரிப் புழுக்கத்தில்
மசாலாக் கடை முன் ஒருத்தி சரிந்தாள்.
பாவாடை முழங்காலுக்கு மேல்.
போனை உயர்த்தினேன்.

மீன் வெட்டும் தனபாலன் கோவெண்டர்
குறுக்கே வந்து
முதுகு காட்டி நின்றார்.
"பொது இடம் அங்கிள்.
எடுக்கலாம், சட்டம் இருக்கு."
"இருக்கட்டும்.
நான் நிக்கிறதும் பொது இடம்தான்."
இடப்பக்கம் நகர்ந்தேன். அவரும் நகர்ந்தார்.
வலப்பக்கம். அங்கேயும் முதுகு.

ராத்திரி போட்டுப் பார்க்கிறேன்:
ஏப்ரன் முடிச்சு,
தோளில் ஒட்டிய இரண்டு செதில்.
அவ்வளவுதான் படம்.

ஒலி மட்டும் சுத்தமாக விழுந்திருக்கிறது.
"தண்ணி, யாராவது தண்ணி..."
ஜூலுவில் அதையே இன்னொருத்தி.
பிறகு, மிக அருகில்,
புட்டி மூடி திருகும் சத்தம்.

மூன்று மிடறு.
என் தொண்டைதான்.