மூன்று பிரதி

என் சம்பளம் மூன்று தேதிகளில் வரும்.
முவைலா பள்ளி ஒன்றாம் தேதி.
நுவைமியா பள்ளி ஐந்து, சில மாதம் எட்டு.
அல் நஹ்தா பள்ளி
நான் போன் செய்தால்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரே டீச்சர், ஒரே அறை, ஒரே வேன்.
தனித்தனியாக யாருக்கும் கட்டுப்படியாகவில்லையாம்.
முதலில் பாகப்பிரிவினை மாதிரிப் பேசினார்கள்,
பிறகு சம்பந்தம் பேசுகிற மாதிரி.
டீசலுக்கு ஒரு கூட்டம்,
இன்ஷூரன்ஸுக்கு இரண்டு.
அறையிலிருக்கும் ஊஞ்சல் யாருடையது என்று
இன்னும் முடிவாகவில்லை.
அது பாட்டுக்கு ஆடுகிறது.

வேன் ஓட்டுவது குல் ஜமான்.
கண்ணாடியில் பார்த்துப் பிள்ளைகளை எண்ணுவார், பஷ்தூவில்.
நான் தமிழில்.
விரல் காட்டிச் சரிபார்த்து
இருவர் கணக்கும் ஒத்தால்தான் வண்டி நகரும்.

செவ்வாயும் வியாழனும், ஒன்பது பத்துக்கு
நீலச் சட்டை முஃபீத் ஏறுவான்.
ஏழு வயது. இன்னும் பேச்சில்லை.
ஜன்னலோரம் அவன்,
பக்கத்து சீட்டில் அவன் டிபன் பை.
வேறு யாரையும் உட்கார விடமாட்டான்.
நுவைமியாவில்
பச்சைச் சீருடை பெனிட்டா ஏறும்போது
பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வான்.
அவ்வளவுதான்.
ஒருவரையொருவர் பார்ப்பதுகூட இல்லை.
அவள் தன் ஷூவின் வெல்க்ரோவைப்
பிரித்து ஒட்டி, பிரித்து ஒட்டி வருவாள்.
அந்தச் சத்தத்துக்கு அவன் தலை ஆடும்.

நேற்று நுவைமியாவுக்கு மட்டும் லீவு.
ஒப்பந்தம் பதினெட்டுப் பக்கம்,
காலண்டரைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.
குல் ஜமான் நேராகவே விட்டார்.
வழக்கமாகத் திரும்பும் ரவுண்டானா தாண்டியதும்
முஃபீத் பெல்ட்டைக் கழற்றினான்.
அழவில்லை.
பின்கண்ணாடியில் இரு உள்ளங்கையும் வைத்து நின்றான்.
உட்கார வைத்தேன். மறுபடி போனான்.

ஓரங்கட்டி எண்ணினோம்.
அவர் ஐந்து. நானும் ஐந்து.
கணக்கு ஒத்தது,
வண்டி நகரவில்லை.

பிறகு, எதுவும் பேசாமல்,
குல் ஜமான் வண்டியைத் திருப்பினார்.
நுவைமியா கேட்டில் பூட்டு.
அவன் பூட்டைப் பார்த்தான்,
அது வெறும் பூட்டுதான் என்று தெரிகிறவரை பார்த்தான்.
தானே வந்து பெல்ட் மாட்டிக்கொண்டான்.
பையை மட்டும் சீட்டிலிருந்து எடுக்கவில்லை.

இருபது நிமிடம் தாமதம்.
காரணம் எழுதும் கட்டத்தில்
‘டிராஃபிக்’ என்று எழுதினேன்.
அந்த டீசல் யார் பங்கு என்று
மாதக் கடைசியில் கேட்பார்கள்.

நாளை வியாழன்.
‘அவள் இன்று இல்லை, நாளை வருவாள்’
என்பதற்கு ஒரு படம் வரைந்து தரச்சொல்லி
டீச்சரிடம் கேட்டிருக்கிறேன்.
மூன்று பிரதி.
ஒன்று வேனுக்கு,
ஒன்று முஃபீதுக்கு,
இன்னொன்று பெனிட்டாவுக்கு.
அவனும் ஒருநாள் வராமல் போகலாம்.