ஏறும் கயிறு

அட்டைக்கு முங்குகிறவனுக்குத் தெரியும்:
இறங்கப் பசி போதும்,
ஏறத்தான் பொறுமை வேண்டும்.
பதினைந்து பாகத்தில் இருந்து வருகிறவன்
ஐந்தில் கயிற்றைப் பிடித்துத் தரிக்க வேண்டும்.
பிறகு மூன்றில்.
பிறகு, பிளாஸ்டிக் படகின் அடிவயிறு
கைக்கெட்டும் தூரத்தில் ஆடும்போதும்.
மேலே வெளிச்சம் தெரிகிறதே என்று
உதைத்துக்கொண்டு வந்த செபமாலையன்
இப்போது குருநகர் ஐஸ் பக்டரி வாசலில்
சக்கர நாற்காலியில் இருந்து லொத்தர் விற்கிறான்.

இவ்வளவும் தெரிந்த நான்தான்
தை மாதத்துக் காலை ஒன்றில்
பண்ணைப் பாலத்தில் நின்று
மெதடோன் போத்தலைக் கடலுக்குள் எறிந்தேன்.
"இண்டையோட சரி" என்றேன்.
மெற்றில்டா கோழி வாங்கிச் சமைத்தாள்.

இரண்டாம் நாள் கொட்டாவி, மூக்கால் தண்ணீர்.
மூன்றாம் நாள் என் தோல்
அந்தக் கோழியின் தோல்.
நான்காம் இரவு கால்கள் என்னைக் கேளாமல்
சுவரை உதைத்தன.
ஐந்தாம் நாள்
தூள் விற்கிற பெடியனின் நம்பரை
விரல் தானாகத் தேடியது.
மெற்றில்டா போனைப் பறிக்கவில்லை.
தன்னுடையதில் ஓட்டோவைக் கூப்பிட்டாள்.

துவாரகா டொக்டர் ஏசவில்லை.
எத்தனை மில்லி, எத்தனை நாள் விட்டது,
நித்திரைக் குளிசை, சாராயம் ஏதும் சேர்த்ததா,
என்ன தொழில்?
சொன்னேன். பேனையை வைத்தா.
"எத்தினை பாகத்தில இருந்து வாறனியள்?"
"பதினைஞ்சு."
"ஒரே உதையில வருவியளோ?"
நான் நிலத்தைப் பார்த்தேன்.
நிலத்தில் யாரோ சிந்திய தேத்தண்ணி காய்ந்திருந்தது.

அஞ்சு நாளில் உடம்பு பழைய அளவை மறந்திருக்கும்,
அதைத் திரும்பத் தந்தால் மூச்சு நிற்கும்,
அதனால் குறைவில் தொடங்குவம் என்றா.
பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் இறக்குவம்.
ஏலாத கிழமை இறக்கவே மாட்டம்.
"நிக்கிறதும் ஏறுறதுதான்.
உங்களுக்கு நான் சொல்ல வேணுமே?"

புதன்கிழமைகளில் ஏழு கதிரைகள்.
ஒரு மேசன், வங்கியில் வேலை பார்த்த ஒருவர்,
பெயர் சொல்லாத ஒரு பிள்ளைத்தாய்ச்சி,
கம்பஸை விட்ட கபிலன்.
ஆடியில் கபிலன் வரவில்லை.
மூன்று மாதம் சுத்தமாய் இருந்தவன்,
ஒரு இரவுதான், பழைய அளவுதான்.
அவன் கதிரையை ஒருவரும் மூலைக்கு நகர்த்தவில்லை.
பிள்ளைத்தாய்ச்சி தன் கைப்பையை
அதன்மேல் வைத்தாள்,
பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது பதினொரு மில்லி.
ஆறு கிழமையாய் அதே பதினொன்று.
முந்தி என்றால் வெட்கப்பட்டிருப்பேன்.

ஐஸ் பக்டரி வாசலில் செபமாலையன் கேட்டான்:
"எதில நிக்கிறாய்?"
"பதினொண்டில."
"கயிறு கையில இருக்கோ?"
புதன்கிழமையை நினைத்தேன்.
மெற்றில்டாவின் ஓட்டோவை நினைத்தேன்.
"இருக்கு."
"அப்ப நில், விசரா" என்று
ஒரு லொத்தரைக் கிழித்துத் தந்தான்,
காசுக்குக் கையை நீட்டியபடி.