புளிக்கு வணக்கம்

எங்கள் மொழியில் ‘நான்’ என்று ஒரு சொல் உண்டு.
வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும்.
வீட்டில் அது செல்லாது.
அம்மாவிடம் நான் ‘கோன்’, பிள்ளை.
அண்ணனிடம் ‘எம்’, தம்பி.
எதிரில் நிற்பது யாரென்று தெரிந்த பிறகுதான்
நான் யாரென்று சொல்ல வரும்.

ராடெக்குக்கு முதலில் இது சிரிப்பாக இருந்தது.
ஒருநாள் படுக்கையில் கேட்டான்:
அப்போ, என்னிடம் நீ யார்?
செக் மொழியில் பதில் சொல்லித் தப்பித்தேன்.
அதில் ‘நான்’ மலிவு.

பிர்னோவில் எங்கள் கடை
காலை ஆறுக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடும்.
வருஷத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை, புத்தாண்டுக்கு.
ஏழு வயதில் விலை ஒட்டும் துப்பாக்கி என் கையில்.
பன்னிரண்டில், வரி அலுவலகத்தில், அம்மாவின் வாய் நான்.
அபராதம், தவணை, வதிவிட நீட்டிப்பு
எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் சொல் வைத்திருந்தேன்.
ஒன்றே ஒன்றுக்கு ஒரு பக்கம்தான் தெரியும்.
அதுவும் பள்ளிக் கழிவறைச் சுவரில் படித்தது,
என் பெயருக்குக் கீழே.

துவானின் மகளைப் பார்த்தாயா, என்பாள் அம்மா,
பல் டாக்டருக்குப் படிக்கிறாள்.
பார்த்தேன். நல்ல பெண்.
அவளும் என்னைப் போலத்தான் என்பது
அவள் சொல்ல வேண்டியது.

நவம்பரில், நான் கிடங்கில் பால் பெட்டி அடுக்கும்போது
கடை மணி அடித்தது.
ராடெக்.
நான் வரச் சொல்லவில்லை.
ஐந்து வருஷமாக நான் போனை எடுத்ததும் சொல்வதைக்
கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான்:
‘கோன் ச்சாவ் மெ.’
கடைக்காரம்மாவிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை.
பெற்றவளிடம் மட்டும்தான்.
போதாததற்குச் சுரம் வேறு பிசகிவிட்டது.
தட்டையாகச் சொன்னால் ‘மெ’ அம்மா இல்லை, புளி.
பிள்ளை, புளிக்கு வணக்கம் சொன்னது.

பெட்டி என் கையிலேயே நின்றது.
அம்மா அவனைப் பார்த்தாள்.
கிடங்குக் கதவைப் பார்த்தாள்.
‘கனமாக,’ என்றாள், தனக்குத் தெரிந்த அரைகுறை செக்கில்,
உள்ளங்கையால் காற்றைக் கீழே அழுத்திக் காட்டி,
‘கீழே போடு. மெ.’
மூன்று தடவை சொல்ல வைத்தாள்.
முதல் சொல்லைத் திருத்தவில்லை.

பிறகு ரொட்டிக்குக் காசு வாங்கினாள்.
பைக்கும் சேர்த்து, இரண்டு கிரவுன்.