நாற்பது நிமிட மின்வெட்டு

தார்த்து நகரம், பிப்ரவரி, மைனஸ் பத்தொன்பது.
சுழலும் வட்டில் பன்னிரண்டு ரை முளைகள்,
படுக்கைவாட்டில், இருட்டில்,
நிமிடத்துக்கு ஒரு சுற்று.
கீழ் எது என்று அவற்றுக்குத் தெரியக்கூடாது.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வேர்நுனியின் தொப்பிக்குள் அறை அறையாய்ச் செல்கள்.
ஒவ்வொன்றிலும் சில மாவுமணிகள்.
அவை விழும். விழுந்த பக்கம் பூமி.
வேர் படித்த பூகோளம் அவ்வளவுதான்.
என் வட்டிலோ
விழுந்து சேருமுன் தரை கூரையாகிவிடும்.
மணிகள் அலையும்,
வேர் எதையும் முடிவு செய்யாமல் நீளும்.

போன மாதம் எனக்கும் அதேதான்.
கட்டிலில் புரண்டேன்; அறையும் புரண்டது,
நான் நின்ற பிறகும் அது நிற்கவில்லை.
உள்காதில் சுண்ணாம்புத் துணுக்குகள் தடம் மாறிவிட்டன
என்றார் டாக்டர் ஊர்வே.
என் தலையை இரு கையால் பிடித்து
வலம் சாய்த்து, தொங்கவிட்டு, இடம் திருப்பி,
உட்காரவைத்துக் கேட்டார்:
"ஹெல்யே, தரை எங்கே?"
சொல்லத் தெரிந்தது. அதற்கே அழுகை வந்தது.

நேற்றிரவு இரண்டேகாலுக்கு மின்சாரம் போயிருக்கிறது.
நாற்பது நிமிடம் வட்டு நின்றிருக்கிறது.
காலையில் திறந்தால்
எல்லாம் ஒரே பக்கம் வளைந்து நிற்கின்றன.
மின்சாரம் வந்து வட்டு மறுபடி சுற்றியபோதும்
அந்தப் பழைய கீழையே நம்பி வளைந்திருக்கின்றன.
மணிகள் இறங்கி உட்கார்ந்திருக்கும்,
ஆக்ஸின் அடிப்பக்கமாய்ச் சரிந்திருக்கும்,
அங்கே வளர்ச்சி தயங்க
மறுபக்கம் மட்டும் நீண்டிருக்கும்.
வளைவு என்கிறோமே,
அது ஒரு பக்கம் காத்திருப்பது.

தண்டில் கணக்கு தலைகீழ்.
வோருவில் என் மைத்துனர் ஐவோவின் வயல்
ஜூலை ஆலங்கட்டி மழையில் பாயாய்ப் படுத்தது.
அவர் வரப்பில் நின்று வானத்தைத் திட்டினார்,
பிறகு காப்பீட்டுக்காரனை.
நான்கு நாளில் கணுக்கள் முழங்கை மடித்தன;
அடிப்பக்கம் வேகமாய் வளர்ந்து
கதிர்கள் எழுந்தன, முக்காலே மூணு வீசம் அல்ல,
பாதிக்குக் கொஞ்சம் கூட.
அறுக்க அது போதுமாயிருந்தது.

பதிவேட்டில் எழுதினேன்: சோதனை வீண்.
பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்:
வளைந்தவை பதினொன்று.
ஏழாவது மட்டும் நேராக நீண்டிருந்தது,
இரவில் யாரும் அதைக் கூப்பிடவே இல்லை என்பதுபோல்.

அதை ஈரத்தாளில் எடுத்து
மேசைமேல் பக்கவாட்டில் கிடத்தினேன்,
சுற்றாமல், அசைக்காமல்.
காப்பி ஆறியது.
ஜன்னலுக்கு வெளியே எமயோகி ஆறு
பனிக்கட்டிக்கு அடியில்
தன் பள்ளம் தெரிந்து போய்க்கொண்டிருந்தது.

மதியம் ஒன்றரை.
ஏழு இன்னும் யோசிக்கிறது.