ஆறரைக் கப்பல்

எக்ஸ்ரே இயந்திரத்துக்கு உயிர் வந்தபோது
காலை ஒன்பதுகூட ஆகவில்லை.
சோதித்துப் பார்க்க வேறெதுவும் அகப்படாமல்
ஆஸ்பத்திரிச் சமையற்கட்டிலிருந்து
ஒரு கருவாட்டைக் கொண்டுவந்து வைத்தோம்.
முள்ளெல்லாம் துல்லியம்.
"மீனுக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்"
என்றார் டாக்டர்.
அவர் போனபின்
ஆம்புலன்ஸ் ஓட்டும் தியோதுலோ
இடக்கையைக் கொண்டுவந்து பலகைமேல் வைத்தான்.
கூடாது என்றேன்.
வைத்தபடியே நின்றான்.

திரையில் வெள்ளையாய் ஐந்து விரல்.
மோதிரவிரல் மட்டும் நடுவில் ஒடிந்து
கோணலாகவே கூடியிருந்தது,
அவசரத்தில் கட்டிய குடைக்கம்பி மாதிரி.

செபுவுக்குக் கப்பல் மாலை ஆறரைக்கு.
"அதுவரை இங்கே கொசுவா எண்ணுவீர்கள்?
சிகிஹோர் ஒரு பகலுக்குள் சுற்றிவிடுகிற தீவு.
ஏறுங்கள்."
கருவிப்பெட்டியை மடியில் இடுக்கிக்கொண்டு
பைக்கின் பின்னால் உட்கார்ந்தேன்.
அவனுக்கும் வழியில் வேலை இருந்தது:
கொழுந்தியாளுக்கு மாத்திரை,
யாருக்கோ திருப்ப வேண்டிய இருநூறு பெசோ,
காலை வைக்கவிடாமல் ஒரு கோழித்தீவன மூட்டை.

லாசியில், பழைய மடத்தின் பலகைத் தரை
ஒவ்வோர் அடிக்கும் முனகியது.
"இந்தக் கதவுதான்" என்றான்.
"ஏழு வயசு. காற்றில் அறைந்து நசுங்கியது."
நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அருவியில் பையன்கள்
கயிற்றைப் பிடித்து ஊஞ்சலாடிப்
பச்சைத் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தார்கள்.
சர்க்கரையில் பொரித்த வாழைப்பழம்
ஆளுக்கொரு குச்சி.
"தென்னையிலிருந்து விழுந்தேன்.
கல்யாணத்துக்கு முந்தின வாரம்.
மோதிரம் ஏறவில்லை, மாமியார் அழுதாள்."
"மடத்துக் கதவு?"
"அது வேற விரல்."
மற்ற விரல்களை நான் பார்த்திருக்கிறேன்.
எல்லாம் நேர்.

நடுப்பகலில் மழை.
கூரையிட்ட கூடைப்பந்துத் திடலில் ஒதுங்கினோம்.
சிமெண்டுப் படியில் சாய்ந்து
அரைமணி நேரம் தூங்கினான்,
இடக்கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு.
நான் மழையை எண்ணினேன்.
கொசுவையும்.

பலேதே மரத்தடிக் குளத்தில் கால் நனைத்தோம்.
குட்டி மீன்கள் குதிகாலைக் கொறித்தன.
சீட்டுக் கிழிக்கும் கொன்சோர்சியா
இருநூறை வாங்கி எண்ணாமல் மடித்துச் செருகிக்கொண்டு
அவனிடம் கேட்டாள்:
"இப்பவும் அதே கப்பல்தானா வருது?"
அவன் என் பக்கம் திரும்பி,
"சேவற்சண்டை" என்றான்.
"கத்தி கட்டிய சேவல். இரண்டாயிரம் போச்சு,
விரலும் போச்சு."
கத்தி எலும்பை இப்படி ஒடிக்காது.
மீன்கள் கூசியதால் சிரித்தேன்,
கதைக்குச் சிரித்ததாக நினைத்து
அவனும் சிரித்தான்.

லாரேனா துறை.
மணி ஐந்தே முக்கால்.
மாம்பழப் பெட்டிகள், சாக்குக்குள் ஒரு பன்றியின் புகார்,
தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றும் ஒருத்தி.
கப்பல் பக்கவாட்டில் வந்து ஒட்டியது.
மேலே நின்றவன் கயிற்றை எறிந்தான்.
பிடிக்க வேண்டியவன் போனில் பேசிக்கொண்டிருந்தான்.
ஒரு நொடிதான்.
என் பக்கத்தில்
தியோதுலோவின் இரண்டு கைகளும் நெஞ்சுயரத்துக்கு எழுந்தன,
கால்கள் அகன்று ஊன்றிக்கொண்டன.
அப்புறம் இடக்கை
மெதுவாகப் பைக்குள் போனது.

யாரோ ஓடிவந்து
இரும்புக் குற்றியில் சுற்றினார்கள்.
கயிறு இறுகிற்று.
உள்ளிருந்த தண்ணீரெல்லாம் பிழிந்து சொட்ட,
ஒரு முறுக்கு, ஒரு நெறிப்பு.
அந்தச் சத்தத்துக்கு முதுகைக் காட்டி
பைக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.
சுத்தமாகத்தான் இருந்தது கண்ணாடி.

"படம் நன்றாக வந்திருந்தது" என்றேன்.
"நல்ல மெஷின்" என்றான்.

இரவு, மேல்தளத்து ரெக்சின் கட்டிலில்
பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டைக்கு நடுவே
அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினேன்:
பழுது நீக்கப்பட்டது.
சோதனைப் படம் ஒன்று.
பொருள்: கருவாடு.