ஏழாம் அறை, ஆயிரத்து நானூறாவது மணி

நெக்கர் ஆற்றின் கரையோரம்
ஜன்னலே இல்லாத கட்டடம்.
அதன் ஏழாம் அறையில்
ஐம்பத்தெட்டு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது
ஓரடியும் நகராத
பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்.

சக்கரம் கிடையாது. தோல் இருக்கை கிடையாது.
விலை கேட்டால் புருவம் உயரச் செய்யும்
அந்த வெள்ளிச் சின்னமும் கிடையாது.
வெறும் இரும்பு, அலுமினியம்,
நாலு பக்கமும் போல்ட்டு முடுக்கிய
பிடிவாதம்.

இரவுப் பணி என்னுடையது.
மூன்று விரல் கனக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
நானும் ஆறிப்போன காபியும்.
அந்தப் பக்கம்
தணலாய்ப் பழுத்த புகைக்குழாய்.

முழு வேகம்.
கொதிக்கிற உடம்புக்குள் சட்டென்று
பனிக்கட்டி ஆகவிருந்த தண்ணீர்.
மறுபடி முழு வேகம்.
படிவத்தில் இதற்கு
'வெப்ப அதிர்ச்சி, சுற்று 2206' என்று பெயர்.
ஓட்மார் வைத்த பெயரைப் படிவத்தில் எழுத முடியாது.

ஐம்பது மணிக்கொரு முறை
சின்னக் குப்பியில் எண்ணெய் எடுப்பேன்.
அதில் எவ்வளவு இரும்பு கரைந்திருக்கிறது என்று
மேல்மாடியில் பார்ப்பார்கள்.
எவ்வளவு உழைத்தாய் என்று கேட்பதில்லை,
உன்னில் எவ்வளவு கரைந்தது என்றுதான்.
பத்து லட்சத்தில் ஒன்பது பங்கு.
நல்ல எண், என்றார்கள்.

போன வருடம் என் வலது முழங்காலை மாற்றினார்கள்.
'இருபது வருடம் தாங்கும், திருமதி ஹேபர்லே.'
'எத்தனை மணி நேரம் ஓட்டிப் பார்த்தீர்கள்?'
டாக்டர் சிரித்தார்.
நான் உண்மையாகத்தான் கேட்டேன்.

மூன்றாம் அறையில் முன்பு ஒன்று செத்தது.
பிஸ்டன் இல்லை, தண்டு இல்லை;
சங்கிலி உரசிச் செல்லும் பிளாஸ்டிக் பட்டை,
இரண்டு யூரோ பெறாது.
பதினொரு பொறியாளர்கள் அதைச் சுற்றி
துக்க வீட்டில் நிற்பதுபோல்
கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

கீழ்த்தளத்தில், உலகத்துக்குப் போய்த்
திரும்பி வந்தவை கிடக்கின்றன.
ஒன்று, நோட்டரி ஒருவருடையது.
காலையில் ரொட்டிக் கடைக்கு இரண்டு கிலோமீட்டர்,
திரும்ப இரண்டு.
சூடேறும் முன்பே அணைத்துவிடுவார்.
மழை நாளில் வெளியே எடுத்ததில்லை.
கீறல் விழாத கார்;
முப்பத்தோராயிரத்தில் எஞ்சின் போய்விட்டது.
அணைத்து அணைத்துத் தொடங்கும் குளிரைவிடக்
கொடிய அதிர்ச்சி எதுவும்
எங்கள் அட்டவணையில் இல்லை.
(அவரைக் குறை சொல்ல எனக்கென்ன தகுதி?
உவேயும் நானும் அப்படித்தான்
பத்து வருடம் ஓட்டினோம்.)

அதன் பக்கத்தில்
அல்பேனியாவின் ஷ்கோடர் நகரத்து டாக்ஸியில் இருந்தது.
ஏழு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
பாடம் படிக்க நாங்களே விலைக்கு வாங்கினோம்.
என்ன எண்ணெய் ஊற்றினீர்கள் என்று
கடிதம் போட்டுக் கேட்டார்கள்.
பஷ்கோ மார்லேகாய் ஒரே வரி எழுதியிருந்தார்:
'கிடைத்ததை. ஆனால் தவணை தவறாமல்.'
அந்த வரி எந்த அறிக்கையிலும் சேரவில்லை.

நாலு மணி பத்து நிமிடம்.
எண் 1400 ஆனது.
தானாகவே நின்றது.
அத்தனை நாள் கேட்காத சத்தங்கள் வந்தன:
குழாய்விளக்கின் ரீங்காரம்,
சூடு தணியும் உலோகம் டிக் டிக் என்று,
என் மூச்சு.

தேறிவிட்டது.
ஆகவே நாளை ரம்பத்துக்குப் போகும்;
இரண்டாகப் பிளந்து
ஒரு மயிரிழையில் எத்தனையில் ஒரு பங்கு
தேய்ந்தது என்று அளப்பார்கள்.
தோற்றதற்குக் கண்ணாடிப் பெட்டி,
வரவேற்பறை வெளிச்சம்.
வென்றதற்கு ரம்பம்.
பதினேழு வருடமாக இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

வெளியே மைனஸ் ஆறு.
வாகனத் தரிப்பிடத்தில் உறைந்து கிடந்தது
என் சின்ன, பழைய, யாரும் சோதிக்காத கார்.
சாவியைத் திருப்பினேன்.
இருமியது. அடங்கியது.
மன்னித்துக்கொள் என்று
யாரும் கேட்காதபடி சொல்லிவிட்டு
இன்னொரு முறை திருப்பினேன்.

வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர்தான்.
நேரே போகாமல்
ஆற்றைச் சுற்றி நீளமான பாதையில் போனேன்,
முள் நடுவுக்கு வரும்வரை.